தீப்பெட்டியில் மீந்த ஒரு பின்

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் மலைப் பந்தயத்துக்கு ஒரு காரைத் தயார் செய்ய வேண்டுமென்றால் மோதி பாக் பக்கம் என் பட்டறைக்குத்தான் வந்தார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னால்தான் என்ன. மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். சங்ககிரியில் லாரி கிளீனராக ஏறி தில்லியில் இறங்கியவன். இறங்கியபோது இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்படிப்பட்டவனை, பதினைந்து வருஷம் கழித்து, சாணக்யபுரியில் வெளிநாட்டுக்காரன் கார் நின்றுபோனால் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அது யாரும் சிபாரிசு பண்ணி வந்ததில்லை. இந்தக் கையும் இந்தக் காதும் கொண்டுவந்தது.

என்னைப் பற்றி நான் சொல்லும் கதைகள் நிறைய உண்டு. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், சிலர் இரண்டு மூன்று தடவை. அதில் கால்காவில் சக்கரத்தை ஆட்டிப் பார்த்த கதை ஒன்று. அதை மட்டும் இத்தனை வருஷமும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் சொல்லி வந்தேன். இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பந்தயம் என்றால் யார் முந்துகிறார் என்று ஓடுவது மட்டுமில்லை. தில்லியிலிருந்து மலையடிவாரம் வரை சமவெளியில் இத்தனை மணிக்கு இந்த இடம் என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள். முன்னால் போனாலும் மார்க் போகும், பின்னால் போனாலும் போகும். அடிவாரத்துக்கு மேலேதான் நிஜமான சோதனை. தார் ரோடுதான், ஆனால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், கொடுக்கிற நேரமோ மூச்சு விடப் போதாது. அங்கே வண்டியின் வேலை சுத்தமாக இருந்தால் ஆள் திரும்பி வருவான். அதனால்தான் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பார்கள்.

என்னைத் தேடி வந்தவர்களில் ஒரு புருஷன் பெண்சாதி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தார்கள். அவர் மத்திய அரசு ஆபீஸில் வேலை. சார் என்றுதான் நான் கூப்பிடுவேன். அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சிஸ்டர் என்பேன். இரண்டு பேரும் என்னை அண்ணாச்சி என்பார்கள். கொங்கு நாட்டுக்காரனுக்கு அண்ணாச்சி என்று கூப்பிட்டால் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பிடித்துப்போயிற்று.

சார் நாலு கை மாறின ஒரு நீல ஹெரால்டு காரை வாங்கி வைத்துக்கொண்டு அதில்தான் மலை ஏறுவேன் என்று நின்றார். மெட்ராஸில் செய்த வண்டி, நம் ஊர் வண்டி என்று அதன்மேல் அவருக்கு ஒரு பாசம். முந்தின இரண்டு வருஷமும் வேறு ஒரு பட்டறையில் தயார் செய்து போய், ஒரு தரம் ரேடியேட்டர் கொதித்தும் ஒரு தரம் பிரேக் அடங்கிப்போயும் பாதி மலையில் நின்றுவிட்டார். ஆபீஸில் அவரைப் பார்த்தாலே, என்னப்பா, இந்தத் தடவை எந்த வளைவு வரைக்கும் என்று கேட்பார்களாம். மூன்றாவது தடவை என்னிடம் வந்தார். பந்தயத்தில் அவர் ஓட்டுவார், சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் கணக்குப் போட்டுச் சொல்வார். சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் நர்ஸ் கடிகாரம் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. குளுக்கோஸ் சொட்டு எண்ணிப் பழகின மனுஷிக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒரு விஷயமே இல்லை.

அந்த ஹெரால்டுக்கு நான் செய்த வேலை இருக்கிறதே, அதற்கு இரண்டு மாசம் பிடித்தது. உயரத்தில் காற்று லேசாகிவிடும், பெட்ரோல் அதிகமாகப் போய்ப் புகையும் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் துளையைச் சின்னதாகப் போட்டேன். என்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க லாரிப் பலகையின் பழைய தகட்டை வெட்டி வளைத்துக் கட்டினேன். பிரேக் ஷூவைப் பிடிமானம் வரும்வரை ரிட்ஜ் மேட்டில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கித் தேய்த்தேன். முன்சக்கரம் இரண்டிலும் புது பேரிங். வேறு ஒருவன் செய்திருந்தால் வண்டி ஓடியிருக்கும். நான் செய்ததால் வண்டி பாடியது.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பட்டறைகளில் செய்த வேலையைச் சீட்டில் எழுதி டிக் அடிப்பார்கள். எனக்கு எழுத்து வராது, அதனால் தீப்பெட்டி வைத்துக்கொண்டேன். ஸ்டீயரிங் மூட்டிலும் சக்கரத்து நடுவிலும் இருக்கிற முக்கியமான நட்டுகள் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஓட்டையில் ஒரு இரட்டைக் கம்பியைச் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடுவோம். ஸ்பிளிட் பின் என்போம். வண்டிக்கு எத்தனை பின் வேண்டுமோ அத்தனையை எண்ணி ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டுக்கொள்வேன். ஹெரால்டில் நான் பிரித்த இடங்களுக்குப் பத்து. வேலை முடியும்போது பெட்டி காலியாக இருக்க வேண்டும். காலி என்றால் எல்லா நட்டும் பூட்டியாயிற்று. ஒன்று மீந்தால் எங்கோ ஒரு நட்டு திறந்து கிடக்கிறது. இதைவிடச் சீட்டு என்ன சீட்டு.

சிஸ்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் தடவை பார்த்தபோதே சொன்னார்.

"எங்க தியேட்டர்லயும் இதேதான் அண்ணாச்சி. வயித்தத் தைக்கதுக்கு முன்னால பஞ்சு, கத்திரி எல்லாத்தையும் எண்ணுவோம். ஒண்ணு கொறஞ்சாலும் டாக்டரு தைக்க முடியாது. பெரிய டாக்டரா இருந்தாலும் நிக்கணும்."

"நமக்கு எண்ணவே வேண்டாமுங்க சிஸ்டர். பொட்டிய ஆட்டுனாப் போதும்."

"அப்பம் நீங்க எங்க டாக்டர விடப் பெரிய ஆளு."

அதிலிருந்து வேலை நடக்கிற சமயம் வரும்போதெல்லாம், போகும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "அண்ணாச்சி, பெட்டி காலியா?" பாதி விளையாட்டு, பாதி நிஜம். நான் பெட்டியைக் காதருகே ஆட்டிக் காட்டுவேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இடது முன்சக்கரம்தான் கடைசி வேலை. பேரிங்கை கிரீஸில் தோய்த்துப் போட்டு, நட்டை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும்படி கொஞ்சம் தளர்த்தி நிறுத்தியிருந்தேன். அடுத்தது பின். அந்த நேரம் சிஸ்டர் டூட்டி முடிந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். சார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ரோடு மேப்பை விரித்திருந்தார். என்னைத் தூண்டிவிட வேண்டுமென்றே அவர் கேட்டார், "அண்ணாச்சி, அந்த எம்பஸிக் காரு கதையச் சொல்லுங்க, இவ முழுசாக் கேக்கல."

கேட்டால் நான் விடுவேனா. சாணக்யபுரியில் ஒரு தூதரகத்து நீளக் கார், அவர்கள் நாட்டிலிருந்தே வந்த மெக்கானிக் மூன்று நாள் பிரித்துப் பார்த்தும் பிடிபடாத சத்தம், நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தது, அந்த வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றினது. கையில் கிரீஸோடு, நடித்தே காட்டினேன். சிஸ்டர் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கதை முடிந்து திரும்பி, கிரீஸ் மூடியை எடுத்துச் சக்கரத்து நடு ஹப்பில் வைத்து மரச் சுத்தியால் தட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. "பாடுது பாருங்க" என்றேன். அன்று பெட்டியை ஆட்டிப் பார்க்கவில்லை. சிஸ்டரும் சிரிப்பில் கேட்க மறந்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சாணக்யபுரிப் பக்கம் ஒரு திடலில் வண்டிப் பரிசோதனை. பந்தயம் நடத்துகிற சங்கத்து ஆட்கள் விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டு, நடுவழியில் யாரும் உதிரிப்பாகம் மாற்றக் கூடாது என்பதற்காக என்ஜின், அச்சு, நான்கு சக்கரத்து ஹப் மூடி, எல்லாவற்றின் இணைப்பிலும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு உடைந்தால் மார்க் குறையும். கோடு போட்ட வண்டிகளைக் கயிறு கட்டின இடத்துக்குள் நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொடி அசையும் வரை ஓட்டுகிறவரே தொட முடியாது.

எட்டு மணிக்கு நம் ஹெரால்டு உள்ளே போனது. நான் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்துப் பஞ்சாபி மெக்கானிக்கிடம் என் ஜெட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். பீடி பற்றவைக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். பையில் எப்போதும் இரண்டு தீப்பெட்டி இருக்கும், குச்சிப் பெட்டி ஒன்று, பின் பெட்டி ஒன்று. கைக்கு வந்தது பின் பெட்டி. எடுக்கும்போதே உள்ளே ஒரு சத்தம்.

ஒரே ஒரு பின். புதுசு. கால் விரிக்காதது.

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. முதலில் நான் நினைத்தது, ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பேன் என்று. பதினொன்று எண்ணியிருப்பேன். ஆனால் எண்ணினது எனக்குத் தெரியும். பெஞ்சின் மேல் இரண்டு இரண்டாக ஐந்து ஜோடி வைத்து எடுத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பின்னாக நினைத்துப் பார்த்தேன். பின்னின் காலைக் குறடால் மடக்கும்போது விரல் நுனியில் ஒரு எதிர்ப்பு தெரியும், கை அதை மறக்காது. ஸ்டீயரிங்குக்கு நாலு, பின்சக்கரம் இரண்டு, ஹேண்ட் பிரேக் இரண்டு, வலது முன்சக்கரம். ஒன்பது தடவை கை ஞாபகம் சொன்னது. இடது முன்சக்கரத்துக்கு வந்தால் தொப்பி கழற்றின வெள்ளைக்காரன்தான் வருகிறான். பின் வரவில்லை.

பின் இல்லாத நட்டு உடனே கழன்றுவிடாது. சில வண்டி நூறு மைல் போகும், சிலது பத்து மைல். சக்கரம் சுற்றச் சுற்ற நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், பேரிங் ஆட்டம் கொடுக்கும், ஒரு வளைவில் சக்கரம் பிரேக் டிரம்மோடு வெளியே போகும். இடது சக்கரம். சிஸ்டர் உட்காரும் பக்கம்.

எழுந்து கயிறு கட்டின இடத்துக்குப் போனேன். காவலுக்கு ஒரு மாஜி பட்டாளத்துக்காரர், கையில் தடி. உள்ளே கைக்குட்டையை விட்டுவிட்டேன், ஒரே நிமிஷம் என்றேன் இந்தியில். அவர் என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"அந்தர் கோயி நஹீ" என்றார். உள்ளே யாரும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் கயிற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நீல வண்டி முப்பது அடி தூரத்தில். மூடியும் கோடும் தெரிந்தது. மூடிக்கு உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்.

வழி இருந்தது. சங்கத்து மேஜைக்குப் போய்ச் சொன்னால் அவர்கள் எதிரிலேயே மூடியைத் திறக்க விடுவார்கள். கோடு உடைந்ததற்கு மார்க் வெட்டுவார்கள். மேஜையைச் சுற்றித் தில்லியின் அத்தனை மெக்கானிக்கும் நின்றார்கள். மதராசி பின் போட மறந்தான் என்று சாயங்காலத்துக்குள் காஷ்மீரி கேட் உதிரிப்பாகக் கடைகள் வரை போயிருக்கும். இருபது வருஷமாகக் கட்டின பெயர். மரத்தடியில், தகரத்தடியில், மழையில், கிரீஸ் தின்று சேர்த்த பெயர். நான் மேஜையை மூன்று தடவை தாண்டிப் போனேன், மூன்று தடவையும் தாண்டியே போனேன். சாரையாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனால் அவரைச் சுற்றி ஆட்கள். ஆபீஸிலிருந்து தமிழ்க்காரர்கள் நாலைந்து பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். இந்தத் தடவை எந்த வளைவு என்று கேட்பவர்கள்.

சார் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார்.

"இவியதான் நம்ம அண்ணாச்சி. இவிய கை வச்சா அப்புறம் திரும்பிப் பாக்க வேண்டாம். சொல்லுங்க அண்ணாச்சி, வண்டி எப்படி?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "சிம்லா போயிட்டு வந்து அப்படியே ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போலாமுங்க சார், கழுவ மட்டும் வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பை மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே அது கிடந்தது.

கொடிக்குக் கால் மணி நேரம் முன்னால் ஓட்டுகிறவர்களை உள்ளே விட்டார்கள். சிஸ்டர் தலையில் ஸ்கார்ஃப் கட்டி, மடியில் அட்டை வைத்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். முந்தின நாள் கேட்காமல் விட்டது அப்போது ஞாபகம் வந்ததோ, வழக்கமாகக் கேட்டதோ.

"அண்ணாச்சி, பெட்டி காலியா?"

"காலிங்க சிஸ்டர்."

அவர் மணிக்கட்டைப் பார்த்து அட்டையில் ஏதோ குறித்தார். பன்னிரண்டு அடித்துச் சில நிமிஷத்தில் கொடி இறங்கியது. ஹெரால்டு பாடிக்கொண்டுதான் போனது.

மெக்கானிக்குகளுக்கென்று ஒரு வேன். கால்காவில் ஒரு மணி நேரம் நிறுத்தம், அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம், கோடு போட்ட இடத்தைத் தவிர. எங்கள் வேன் வண்டிகளுக்குப் பின்னாலேயே புறப்பட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோதுமை வயல், வாய்க்கால், புளிய மரம் மாதிரி ஏதோ வட நாட்டு மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் நீலமாக ஏதாவது தெரிகிறதா. சோனேபட் தாண்டினோம். அவர்களும் தாண்டிவிட்டார்கள் என்று ஒரு மூச்சு. பானிபட் தாண்டினோம், ஒரு மூச்சு.

பஞ்சாபி மெக்கானிக் என் தொடையில் தட்டினான். ஆள் பெரிய உருவம், எனக்குப் போட்டிக்காரன், சிநேகிதனும்தான்.

"க்யா மதராசி, வாயிலும் வெள்ளைக் கோடு போட்டுட்டாங்களா?" என்றான் இந்தியில். வேனே சிரித்தது. எப்போதும் வழிநெடுகப் பேசிக்கொண்டே வருகிறவன் நான். அன்றைக்கு வயிறு சரியில்லை என்றேன்.

கர்னால் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூட்டம். ரோட்டின் இடது பக்கம் ஜனங்கள் வட்டமாக நின்று கீழே பார்க்கிறார்கள். வேன் மெதுவாகும் முன்னே நான் கதவைத் திறந்துவிட்டேன். பஞ்சாபி பின்னால் சட்டையைப் பிடித்தான். இறங்கி ஓடிப் பார்த்தால் கரும்பு வண்டி ஒன்று வாய்க்காலில் சாய்ந்து கிடந்தது. மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு அந்தக் கரும்பையே தின்றுகொண்டிருந்தன. திரும்ப ஏறி உட்கார்ந்தேன். பஞ்சாபி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

ஐந்தரை மணிக்குக் கால்கா. வண்டிகள் வரிசையாக நின்றன. நீல ஹெரால்டும் நின்றது, நாலு சக்கரத்தோடு. சார் டீ குடித்துக்கொண்டு யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு நிமிஷம்கூட மார்க் போகவில்லையாம். சிஸ்டர் வண்டி நிழலில் ஸ்டூல் போட்டு அடுத்த கட்டத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நேராக இடது முன்சக்கரத்துக்குப் போய் மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். கடக் என்றது. நேற்று என் கையால் பூட்டினபோது கல் மாதிரி இருந்த சக்கரம். இன்னொரு தரம் ஆட்டினேன். கடக். இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நேர் ரோட்டில் வந்ததற்கே இத்தனை ஆட்டம். இனி மேலே வளைவுதான் முழுக்க.

சிஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கித் திறந்து உள்ளே பார்த்தார்.

"எந்த எடம்?"

"இந்தச் சக்கரமுங்க."

"எப்பம் தெரியும் அண்ணாச்சி?"

இப்போதுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சக்கரத்தை ஆட்டினதை அவரே பார்த்தார், சொன்னால் நம்பியிருப்பார். ஏனோ அந்த முகத்தைப் பார்த்து இரண்டாம் தடவை பொய் சொல்ல முடியவில்லை.

"காலைல, டீக்கடைலீங்க."

"எத்தன மணிக்கு?"

"ஒம்போது இருக்குமுங்க."

அவர் நெஞ்சில் தொங்கின கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பதினொண்ணே முக்காலுக்குல்லா ஒங்ககிட்ட கேட்டேன்."

"ஆமாங்க சிஸ்டர்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பின்னைக் கையில் எடுத்துப் பெட்டியை மூடி, எழுந்து சாரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. இந்தச் சக்கரத்துல ஒரு பின் இல்ல. தொறக்கணும்."

சார் வந்து ஆட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "கோடு ஒடஞ்சா மார்க் போயிரும்லா. இது வரைக்கும் ஒண்ணு போகல. மேல கொஞ்ச தூரம்தானே, மெதுவா..."

"எண்ணிக்கை ஒத்துவரல. தொறக்கணும்."

"ஆபீஸ்ல என்னத்தச் சொல்லுவேன்?"

"சக்கரம் தனியா ஓடிட்டுன்னு எங்க ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுச் சொல்லுதீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, எப்படி இது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் சிஸ்டர் சொன்னார். "இப்பம்தான் ஆட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சாவ. நல்ல வேள. போயி அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க."

சங்கத்துக்காரர் ஒருவர் தொப்பியோடு வந்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார், சிஸ்டர் இங்கிலீஷில் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னாரோ, இன்று வரை எனக்குத் தெரியாது. தொப்பிக்காரர் தலையாட்டிச் சீட்டில் எழுதிக்கொண்டார். நான் மூடியை நெம்பினேன். வெள்ளைக் கோடு இரண்டாக விட்டது. உள்ளே நட்டு, அதன் ஓட்டை, ஓட்டையில் கிரீஸ். பின் இல்லை. நட்டு ஒரு சுற்றுக்கு மேல் திறந்து வந்திருந்தது. மற்ற மெக்கானிக்குகள் கூடிவிட்டார்கள். நான் இறுக்கித் தளர்த்தி நிறுத்தினேன். கையை நீட்டினேன். சிஸ்டர் தன் கையால் பின்னை என் உள்ளங்கையில் வைத்தார். செருகி, விரித்து, மடக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் மூடி போடச் சொன்னார்.

அன்று ராத்திரி மலை ஏறி, மறுநாள் முற்பகல் பத்திரமாக இறங்கினார்கள். நிற்காமல் போய்த் திரும்பினது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. மலைப் பகுதியில் மட்டும் எடுத்த நேரத்துக்கு மூன்றாவது இடம் வந்திருக்குமாம். கோடு உடைந்த மார்க்கைக் கழித்ததில் கப் போய்விட்டது. சார் ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தார். அடுத்த நாள் ஆபீஸில் போய்ச் சொல்ல அவருக்குக் கப்பைவிடப் பெரிய கதை கிடைத்துவிட்டது.

எங்கள் அண்ணாச்சி ஒருத்தர், கால்காவில் வந்து இறங்கின கையோடு, யாரும் சொல்லாமல், சக்கரத்தைத் தொட்டே உள்ளே பின் இல்லை என்று சொல்லிவிட்டார். கையா அது, எக்ஸ்ரே. இப்படி அவர் சொல்லிச் சொல்லி, ஆபீஸ், குடியிருப்பு, சர்ச், பந்தயச் சங்கம் என்று பரவிவிட்டது. பின்னைப் போடாமல் விட்டது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கெட்டுப்போகும் என்று நான் பயந்த பெயர் அதற்கப்புறம்தான் நிஜமாகப் பெரிதாயிற்று. அடுத்த வருஷம் மலைக்குப் போன வண்டிகளில் ஆறு என் பட்டறையிலிருந்து போனது. எண்பதுகளில் தகரக் கொட்டகையை எடுத்துவிட்டுச் செங்கல் பட்டறை கட்டினேன். கதை கேட்டவர்களிடம் நானும் அப்படியேதான் சொன்னேன். சொல்லும்போது சிஸ்டர் அங்கே இருந்தால், அவர் தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார்.

சாரிடம் அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த தடவை ஹெரால்டு வேலைக்கு வந்தபோது கூடவே வந்தார். ஒரு ஸ்டூலைச் சக்கரத்துக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டியக் குடுங்க அண்ணாச்சி."

கொடுத்தேன். பின்களைப் பெஞ்சில் கொட்டி, தானே பத்து எண்ணி, பெட்டியில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு நட்டுக்கும் கை நீட்ட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. தியேட்டரில் அப்படித்தான் கொடுப்பார்களாம். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டும் இல்லை. வீட்டு விஷயம், ஊர் விஷயம் எல்லாம் பேசுவார், பின் கையில் வரும்போது மட்டும் பேச்சு நிற்கும். நானும் நிறுத்திக்கொள்வேன். எம்பஸிக் கார் கதையை அந்த அம்மா எதிரில் மறுபடி நான் சொன்னதில்லை. பத்தாவது பின் போனதும் பெட்டியை ஆட்டிப் பார்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போவார். பெட்டி காலியா என்று என்னைக் கேட்பது நின்றுவிட்டது.

ஐந்தாறு வருஷம் இப்படி ஓடியது. பந்தயம் விட்ட பிறகும், சாதாரண சர்வீஸுக்கும் இதேதான். எனக்கு அது உறுத்தியது என்று சொல்லத்தான் வேண்டும். தில்லியே நம்பும் கையை ஒரு மனுஷி மட்டும் எண்ணிப் பார்க்கிறார். உறுத்தினாலும், அவர் மடியில் பெட்டி இருக்கிற அன்றைக்குத்தான் நான் ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பிறகு சாருக்கு மாற்றல் வந்தது, மெட்ராஸுக்கு. வண்டியை ரயிலில் ஏற்றும் முன்னால் கடைசியாக ஒரு தரம் எல்லாம் பார்த்துக் கொடுங்கள் என்று கொண்டுவந்தார். தனியாக வந்தார்.

"சிஸ்டர் வரலீங்களா சார்?"

"வீட்டுல சாமான் கட்டிக்கிட்டு இருக்கா. நீங்க இருக்கீங்கல்லா, அவ எதுக்கு?"

பத்துப் பின் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். பெட்டியை வைக்க ஒரு மடி இல்லாமல் பெஞ்சில் வைத்தேன். பட்டறைக்குப் புதிதாக ஒரு வாடிக்கைக்காரர் வந்திருந்தார். சார் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கால்கா, சாயங்காலம், அண்ணாச்சி வந்து இறங்கினாவ, சக்கரத்த ஒரு ஆட்டு ஆட்டுனாவ. அந்த மனுஷன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

இடது முன்சக்கரத்துக்குப் பின் போட்டு, மடக்கி, மூடியைத் தட்டினேன். பெட்டியை எடுத்து ஆட்டினேன். காலி. துண்டில் கையைத் துடைத்தேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியை மறுபடி நெம்பினேன். பின் இருந்தது. மூடினேன்.

"என்ன அண்ணாச்சி, ஒரு தடவை போதாதா?" என்று சார் சிரித்தார்.

"போதுமுங்க சார்" என்றேன். அவர் தன் கதையின் கடைசிப் பகுதிக்குத் திரும்பினார். நான் குனிந்து இன்னொரு தரம் மூடியைத் திறந்தேன்.